கையில் இருக்கும் எம்.பி.பி.எஸ் சீட்டை விட்டுவிட்டு இன்னொரு முறை நீட் எழுதலாமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கேட்டவர் ஒரு தந்தை. மகள் பிளஸ் டூ முடித்த வருடம் எழுதிய நீட்டில் 340. ஒரு வருடம் கோச்சிங் போய் இந்த முறை 489. பி.சி பிரிவு. அரசுக் கல்லூரிக்கு இருபது சொச்சம் மார்க் குறைகிறது. கவுன்சலிங்கில் ஒரு செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜில் (தனியார் சுயநிதிக் கல்லூரி), கவர்ன்மெண்ட் கோட்டாவில், அதாவது அரசுக்கு ஒதுக்கிய, கட்டணம் குறைந்த இடத்தில், எம்.பி.பி.எஸ் கிடைத்திருக்கிறது. கட்டணம் வருடத்துக்கு நாலரை லட்சம். வீட்டின் பேரில் கடன் வாங்கினால் கட்டிவிடலாம். ஆனால் உறவினர்கள், "இருபது மார்க்தானே, இன்னொரு வருஷம் உட்கார்ந்தா கவர்ன்மெண்ட் காலேஜே கிடைக்குமே, எதுக்கு இவ்வளவு பணம்?" என்கிறார்கள். சேர்ப்பதா, விடுவதா?

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு கவுன்சலிங் சீசனிலும் இதே கேள்வியோடு பெற்றோர்கள் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: அடுத்த வருடம் கிடைக்கப்போகும் சீட்டையும் இப்போது கையில் இருக்கும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் உண்மையில் இருப்பது போலவே ஒப்பிடுகிறார்கள். ஒன்று அலாட்மெண்ட் ஆர்டர். இன்னொன்று ஆசை. இந்த முறை எடுத்த நீட் மார்க் இந்த வருடச் சேர்க்கைக்கு மட்டும்தான். சீட்டை விட்டால் அந்த 489-ம் போய்விடும். அடுத்த மே மாதம் உங்கள் மகள் இருபது மார்க் எடுக்க உட்காரப் போவதில்லை. முதல் கேள்வியிலிருந்து ஐந்நூறு சொச்சம் மார்க்கையும் புதிதாக எடுக்க வேண்டும்.

அந்த "இருபது மார்க்" கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உறவினர்களின் வாதம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

நீட்டில் 180 கேள்வி, 720 மார்க். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழியும். ஆக, தப்பாகப் போட்ட ஒரு கேள்வியை அடுத்த முறை சரியாகப் போட்டால் 5 மார்க் ஏறும். இருபது மார்க் என்பது நாலைந்து கேள்விதான், அது வாஸ்தவம். ஆனால் கட்-ஆஃப் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2024-ல் முதலில் வெளியான முடிவில் 67 பேருக்கு 720-க்கு 720. திருத்தம் எல்லாம் முடிந்த பிறகும் 17 பேர் முழு மார்க்கோடு நின்றார்கள். அந்த வருடம் 600 வாங்கிய பிள்ளைகள் அரசுக் கல்லூரி கிடைக்காமல் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம், 2025-ல், இயற்பியல் கடினமாக வந்தது. நாட்டிலேயே முதல் மார்க் 686. கட்-ஆஃப் நூறு மார்க் வாக்கில் சரிந்தது. 2024-ல் 600 எடுத்தவரும் 2025-ல் 500 எடுத்தவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றவர்கள் என்று சொன்னால் பாதிப் பெற்றோர்கள் நம்ப மாட்டார்கள்.

அதனால் மார்க்கைப் பார்க்காதீர்கள், ரேங்கைப் பாருங்கள். அதிலும் அகில இந்திய ரேங்க் உங்களுக்கு அவ்வளவு உதவாது. மாநிலத் தரவரிசைப் பட்டியலில் மகளுடைய பெயருக்கு நேரே சமூகப் பிரிவு ரேங்க் என்று ஒன்று இருக்கும். மாநிலச் சேர்க்கையை நடத்தும் தேர்வுக் குழு ஒவ்வொரு சுற்றுக்கும் அலாட்மெண்ட் பட்டியல் வெளியிடுகிறது. அதில் பி.சி பிரிவில் அரசுக் கல்லூரி கிடைத்த கடைசி ஆள் எந்த ரேங்க், உங்கள் மகள் எந்த ரேங்க் என்று பாருங்கள். நடுவில் எத்தனை பேர்? முப்பது நாற்பது பேர் என்றால் அது ஒரு கதை. ஐந்நூறு பேர் என்றால் அது வேறு கதை. நடுத்தர மார்க்குகளில் கூட்டம் அதிகம். ஒரே மார்க்கில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். அடுத்த வருடம் இந்த இடைவெளியைத் தாண்ட, அத்தனை பேரையும் முந்த வேண்டும். புதிதாகப் பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைகளையும் சேர்த்து.

முப்பது நாற்பது பேர்தான் வித்தியாசம் என்றால் பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. கிடைத்த கல்லூரியில் சேர்ந்துவிட்டு, அடுத்த சுற்றில் மேம்பட்ட இடத்துக்குக் கேட்பது. அகில இந்திய ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து அந்தப் பக்கம் போகிறவர்கள், ஜிப்மருக்கோ எய்ம்ஸுக்கோ போகிறவர்கள் என்று சுற்றுக்குச் சுற்று அரசுக் கல்லூரி இடங்கள் காலியாகும். கட்-ஆஃப் கொஞ்சம் கீழே இறங்கும். சேர்ந்திருக்கும் சீட்டை வைத்துக்கொண்டே அதற்கு முயற்சி செய்யலாம். ஒரு எச்சரிக்கை: மேல் இடம் ஒதுக்கிய நிமிடமே பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே இந்தச் சுற்றில் சாய்ஸ் போடும்போது, உண்மையிலேயே போய்ச் சேரப்போகும் கல்லூரிகளை மட்டும் போடுங்கள். "சும்மா போட்டு வைப்போம்" என்று கட்டணம் அதிகமான ஒரு மேனேஜ்மென்ட் கோட்டா இடத்தைப் போட்டு வைத்து, அது விழுந்து, கையில் இருந்ததும் போன குடும்பங்கள் உண்டு.

அடுத்தது, மகளால் அடுத்த வருடம் மார்க்கை உயர்த்த முடியுமா? இதற்கு "நல்லா படிப்பா சார்" என்பது பதில் இல்லை. இந்தப் பகுதியை அவளையே படிக்கச் சொல்லுங்கள்.

உன்னுடைய ஓ.எம்.ஆர் (விடைத்தாள்) நகலையும், தேர்வு முகமை வெளியிட்ட இறுதி விடைக்குறிப்பையும், கேள்வித்தாளையும் எடுத்து வைத்துக்கொள் அம்மா. தப்பாகப் போட்டது, விட்டது என்று ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து மூன்று பிரிவாகப் பிரி. முதல் பிரிவு, அந்தப் பாடமே தெரியாது. இரண்டாவது, தெரியும், ஆனால் கணக்கில் சறுக்கினாய், "தவறான கூற்று எது" என்பதைச் "சரியான கூற்று எது" என்று படித்தாய், வட்டம் மாற்றிக் கறுப்பாக்கினாய், இப்படி. மூன்றாவது, நேரம் போதாமல் விட்டது அல்லது கடைசிப் பத்து நிமிடத்தில் குருட்டாம்போக்கில் போட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் நேர்மையாக இரு. விடைக்குறிப்பைப் பார்த்த பிறகு "அட, இது தெரியுமே" என்று தோன்றுவதை இரண்டாம் பிரிவில் போடாதே. புத்தகத்தை மூடிவிட்டு, அதே கேள்வியை ஒரு தாளில் போட்டுப் பார். வந்தால்தான் இரண்டாம் பிரிவு.

இரண்டாவதும் மூன்றாவதும் பெரிதாக இருந்தால், அதாவது பாடம் தெரிந்தும் இருபது இருபத்தைந்து கேள்வி கைவிட்டுப் போயிருந்தால், அடுத்த முறை 80 முதல் 100 மார்க் ஏற நிஜமாகவே வாய்ப்பு இருக்கிறது. அது தேர்வு எழுதும் பழக்கம் சம்பந்தப்பட்டது, தொடர்ந்து மாக் டெஸ்ட் எழுதினால் சரியாகும். முதல் பிரிவுதான் பெரிது, அதிலும் இயற்பியல் அத்தியாயங்களாக வரிசையாக இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டும். ஒரு முழு வருடம் கோச்சிங்கில் அதே பாடங்களைக் கேட்ட பிறகும் அவை தெரியாமல் நிற்கின்றன. இன்னொரு வருடம் அதே வகுப்பில், அதே நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் எப்படி மாறும்? என்ன மாறப்போகிறது என்று இரண்டு வரியில் எழுதிக் காட்ட முடியாவிட்டால் திரும்ப எழுதாதே. "இன்னும் கஷ்டப்பட்டுப் படிப்பேன்" என்பது அந்த இரண்டு வரி ஆகாது. போன வருடமும் கஷ்டப்பட்டுத்தானே படித்தாய்.

340-லிருந்து 489-க்கு ஏறியிருக்கிறாள், இதே வேகத்தில் போனால் 600 என்று சிலர் கணக்குப் போடுவார்கள். முதல் வருடம் பிளஸ் டூ பரீட்சையும் சேர்ந்து இருந்தது. இரண்டாம் வருடம் முழு நேரமும் நீட்டுக்கே. அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு அதனால் வந்தது. மூன்றாவது முறை எழுதுபவர்களில் நாற்பது ஐம்பது மார்க் ஏறுபவர்களும் உண்டு, அதே இடத்தில் நிற்பவர்களும் உண்டு, இறங்கியவர்களும் உண்டு. இறங்குவது சோம்பலால் இல்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜ் போய்விட்டார்கள், உறவில் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "இந்த வருஷமாவது கிடைச்சிடுமா?" என்ற கேள்வி, வீட்டில் யாரும் சத்தமாக டிவி கூடப் போடுவதில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை அந்த அமைதியைத் தாங்குவது லேசான காரியம் இல்லை. சீட் கிடைத்தும் விட்டுவிட்டு எழுதுகிறோம் என்ற நினைப்பு அந்தப் பாரத்தை இரண்டு மடங்காக்கும். மகள் ஏற்கெனவே சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தாள் என்றால், இன்னொரு வருடம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்கு அழைத்தால் மனநல ஆலோசகர்களோடு பேசலாம். மாணவர்களும் பேசலாம், பெற்றோரும் பேசலாம்.

இனிப் பணம். இதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் முடிவு செய்யப்போவது இதுதான்.

வருடத்துக்கு நாலரை லட்சம், நாலரை வருடப் படிப்பு, கல்விக் கட்டணம் மட்டும் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஹாஸ்டல், மெஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தால் மொத்தம் 27 லட்சம் பக்கம் போகும். சேரும் முன் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்: நாலரை வருடத்துக்கு வாங்குகிறீர்களா, ஐந்து வருடத்துக்கா? ஹாஸ்டல் கட்டாயமா? கட்டண நிர்ணயக் குழு சொன்ன தொகைக்கு மேல் என்னென்ன தலைப்பில் வாங்குகிறீர்கள்? எழுத்தில் கேளுங்கள், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ம் வருடச் சட்டமே தடுக்கிறது.

சரி, கல்விக் கட்டணம் முழுவதையும் கடனில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்வார்கள், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். பத்து சதவீத வட்டி என்றால், வருடா வருடம் வாங்கிய தொகைக்குப் படிப்பும் ஹவுஸ் சர்ஜன் (கட்டாயப் பயிற்சி) வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் முடியும்போது வட்டி மட்டும் ஒன்பதரை லட்சம் சேர்ந்திருக்கும். தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 30 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 40 ஆயிரம் வாக்கில் கட்ட வேண்டும்.

இந்த 40 ஆயிரத்தை ஒரு டாக்டரால் கட்ட முடியாதா? முடியும். அரசுப் பணியில் உதவி மருத்துவராகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளமே 56,100. சிக்கல் அதில் இல்லை. எம்.பி.பி.எஸ் முடித்த கையோடு பெரும்பாலான பிள்ளைகள் முதுகலை நீட்டுக்குப் படிக்க நினைப்பார்கள். ஒரு வருடமாவது வேலைக்குப் போகாமல் படித்தால்தான் விரும்பிய துறை கிடைக்கும் என்ற நிலை. அந்த ஒரு வருடம் முடிந்த கையோடு முதல் தவணை வந்து நிற்கும். வார்டில் கெட்டிக்காரர்களாக இருந்த பிள்ளைகள் சிலர் தனியார் மருத்துவமனையில் இரவு டியூட்டி டாக்டராக உட்கார்ந்து, பகலில் தூங்கி, வருடா வருடம் முதுகலைத் தேர்வைத் தள்ளிப் போட்டதற்கு இந்தத் தவணைதான் காரணம். கடனின் உண்மையான விலை வட்டி இல்லை, அந்த இரண்டு மூன்று வருடங்கள்தான்.

இதனால் நான் பெற்றோர்களிடம் ஒரு அளவுகோல் சொல்வேன். முதல் இரண்டு வருடக் கட்டணத்தை வீட்டை அடமானம் வைக்காமல், நகையைத் துடைத்து எடுக்காமல், சேமிப்பிலிருந்தும் மாத வருமானத்திலிருந்தும் கட்ட முடியுமா? மீதிக்கு மட்டும் கல்விக் கடன் போதுமா? முடியும் என்றால் கவர்ன்மெண்ட் கோட்டா சீட்டைத் தாராளமாக எடுங்கள். இருக்கும் ஒரே வீடு முழுத் தொகைக்கும் போக வேண்டும், இன்னொரு பிள்ளையும் படிக்க இருக்கிறது, அப்பாவுக்கு ஓய்வு பெற நாலு வருடம்தான் என்றால் நிதானிக்க வேண்டும். வீட்டை வைப்பதற்கு முன் கல்விக் கடனைக் கேளுங்கள். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்கும் திட்டம் வங்கிகளில் இருக்கிறது. அந்த ஏழரை லட்சத்தையும் முதல் வருடமே தீர்த்துவிடாமல் கடைசி வருடங்களுக்கு வைத்துக்கொண்டால் வட்டி ஓடும் காலமும் குறையும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இதே செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ் சீட் கிடைத்தவர்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம். கட்டணத்தை அரசே ஏற்கிறது. பட்டியலின, பழங்குடிக் குடும்பங்கள், வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பற்றி விசாரிக்காமல் எந்த சீட்டையும் பணத்துக்காக விடக் கூடாது.

மேனேஜ்மென்ட் கோட்டா, டீம்டு (நிகர்நிலை) பல்கலைக்கழகம் என்றால் என் பதில் அப்படியே திரும்பிவிடும். வருடத்துக்கு 13 லட்சத்துக்கு மேல், டீம்டு பலவற்றில் 20 லட்சத்துக்கு மேல். முழுக்கக் கடன் என்றால் மாதத் தவணை ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகும். எம்.பி.பி.எஸ் சம்பளத்தில் அது நடக்காது. வசதி இருந்தால் உங்கள் விருப்பம். கடன்தான் வழி என்றால், அந்த சீட்டை விட்டுவிட்டு இன்னொரு முறை எழுதுவதே மேல். கோச்சிங்குக்கும் ஹாஸ்டலுக்கும் ஆகும் ஓரிரு லட்சத்தை அதோடு ஒப்பிடக்கூட முடியாது.

"தனியார் கல்லூரியில் படித்தால் மதிப்பு இல்லையாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிக்கும் செல்ஃப் ஃபைனான்ஸ் கல்லூரிக்கும் பட்டம் கொடுப்பது ஒரே டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம்தான். கேள்வித்தாள் ஒன்று. முதுகலை நீட்டில் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. அரசு மருத்துவராகச் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து, அரசு முதுகலை இடங்களில் பணியில் உள்ளவர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டில் போகும் வழியும் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது.

வித்தியாசம் நோயாளிகளில்தான். எம்.பி.பி.எஸ் கற்பது பாதிப் புத்தகத்தில், பாதிப் படுக்கை ஓரத்தில். 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியிலோ மதுரையிலோ ஒரு ஹவுஸ் சர்ஜன் ஒரு மாதத்தில் பார்க்கும் பிரசவங்களைச் சில தனியார் கல்லூரிகளில் ஒரு வருடத்தில்கூடப் பார்க்க முடியாது. வேறு சில தனியார் கல்லூரிகளில் சுற்று வட்டாரத்துக்கே அதுதான் பெரிய ஆஸ்பத்திரி, வார்டு நிரம்பி வழியும். எனவே "தனியார்" என்று மொத்தமாகப் பேசாமல், உங்களுக்குக் கிடைத்த கல்லூரிக்கு நேரில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வாரநாளில் காலை பத்து மணிக்குப் போங்கள். கட்டடத்தைப் பார்க்காமல் ஓ.பி சீட்டு கொடுக்கும் இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். வரிசை இருக்கிறதா? வார்டில் படுத்திருப்பவர்களுக்கு நிஜமாகவே சலைன் ஓடுகிறதா, பக்கத்தில் துணைக்கு ஆள், தட்டு, ஃப்ளாஸ்க் எல்லாம் இருக்கிறதா, இல்லை விரித்த போர்வை கசங்காமல் கட்டில்கள் வரிசையாக நிற்கின்றனவா? கேன்டீனில் உட்கார்ந்து ஒரு ஹவுஸ் சர்ஜனிடம் பேச்சுக் கொடுங்கள். "இதுவரை எத்தனை பிரசவம் நீங்களே பார்த்தீங்க, தையல் போட விடுறாங்களா, ஸ்டைபண்ட் வருதா?" இந்த மூன்று கேள்விக்கு வரும் பதில், கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தை விட அதிகம் சொல்லும். தேசிய மருத்துவ ஆணையம் இந்த வருட இடங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் ஆணையத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு நல்ல கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கில் சேராதீர்கள். 2023-ல் வந்த மருத்துவக் கல்வி விதிமுறைகள் கல்லூரி மாற்றத்துக்குக் கதவை அடைத்தே வைத்தன.

இன்னொரு யோசனையும் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள்: "சேர்ந்து வைக்கட்டும், படிச்சுக்கிட்டே அடுத்த நீட்டையும் எழுதட்டும்." வேண்டாம். முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் சேர்ந்து பிள்ளையை நிமிரவிடாது. வருகைப் பதிவுக்கும் கெடுபிடி உண்டு. முதல் வருடத் தேர்வுக்கு மொத்தம் நான்கு வாய்ப்புதான், முழுப் படிப்பையும் ஒன்பது வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதே விதிமுறைகள் சொல்கின்றன. அதைவிட முக்கியம், கடைசித் தேதிக்குப் பிறகு படிப்பை விட்டால் லட்சக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். ஒரு இடமும் வீணாகும். அந்த இடத்துக்கு ஏங்கி, ஒரு ரேங்க்கில் தவறிய இன்னொரு பிள்ளை எங்கோ இருக்கிறது.

சீட்டை விடுவதாக முடிவு செய்தாலும் எந்தச் சுற்றில் விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அகில இந்தியக் கவுன்சலிங்கில் முதல் சுற்றில் கிடைத்ததைச் சேதாரமில்லாமல் விடலாம். இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். மூன்றாம் சுற்றில் சேர்ந்தால் அதன் பிறகு விலக விட மாட்டார்கள். கடைசி காலியிடச் சுற்றில் கிடைத்து சேராமல் விட்டால் அடுத்த நீட்டே எழுத முடியாமல் தடை வரும். மாநிலக் கவுன்சலிங்குக்கு அதன் தகவல் தொகுப்பேட்டில் தனி விதிகள் இருக்கும். இந்த வருடத்துத் தொகுப்பேட்டைத் திறந்து, விலகல் பற்றிய பத்தியையும், முந்தைய வருடம் இடம் பெற்றவர்கள் பற்றிய தகுதி நிபந்தனையையும் வரி விடாமல் படியுங்கள். திரும்ப எழுதும் முழுத் திட்டமும் அந்தப் பத்தியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. வயது ஒரு பிரச்சினை இல்லை, உச்ச வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு கிடையாது. (அதுவே சில குடும்பங்களை நிறுத்தத் தெரியாமல் நாலு ஐந்து வருடம் இழுத்துக்கொண்டு போகிறது என்பது என் வருத்தம்.)

பல் மருத்துவமோ சித்தாவோ கிடைத்தவர்களுக்கு இரண்டு வரி. அந்தப் படிப்பு பிடித்திருந்தால் சேருங்கள், இரண்டும் மரியாதையான தொழில். எம்.பி.பி.எஸ் கிடைக்கும் வரை தங்கிப் போகும் இடமாக நினைத்து சேராதீர்கள். கால்நடை மருத்துவம் பிடிக்கும் என்றால், மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்கே போதும், நீட் தேவையில்லை. வெளிநாட்டுப் படிப்பு தனியாகப் பேச வேண்டிய விஷயம். குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கே ஒரு வருடப் பயிற்சி, திரும்பி வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு, இங்கே மறுபடி ஒரு வருடப் பயிற்சி. இதையெல்லாம் ஏஜென்ட் சொல்லும் தொகையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கையில் கவர்ன்மெண்ட் கோட்டா சீட் இருக்கும் உங்களுக்கு அது தேவையே இல்லை.

உங்கள் மகளுக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துச் சொன்னால், சேர்த்துவிடுங்கள் சார். இரண்டு முறை எழுதிவிட்டாள், எல்லைக்கோட்டில் நிற்கிறாள். மூன்றாம் முறை எழுதினால் அரசுக் கல்லூரி கிடைக்கவும் செய்யலாம், இப்போது கிடைத்ததும் கிடைக்காமல் போகவும் செய்யலாம். கேள்வித்தாள் சாதகமாக வந்தால் ஒன்று, பாதகமாக வந்தால் இன்னொன்று. எம்.பி.பி.எஸ் கையில் இருக்கும்போது அந்த ஆட்டத்தில் இறங்க ஒரே ஒரு நியாயமான காரணம் பணம்தான். வீட்டை முழுத் தொகைக்கும் அடமானம் வைத்தே தீர வேண்டும், மகளின் ஓ.எம்.ஆரில் தெரிந்தும் விட்ட கேள்விகள்தான் அதிகம், அவளுக்கும் இன்னொரு வருடம் எழுதத் தெம்பு இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் விடுவதைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் அவளைத் தனியாக உட்கார வைத்து, பக்கத்தில் வேறு யாரும் இல்லாமல், "உனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். பல வீடுகளில் இந்தக் கேள்வியை யாருமே பிள்ளையிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கல்லூரியில் சேரும் கடைசித் தேதி அலாட்மெண்ட் ஆர்டரிலேயே இருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்பாகவே போங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும், டி.சி உட்பட, ஐந்தாறு நகல் எடுத்து சான்றொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கல்விக் கடனுக்கு வங்கி அதையேதான் கேட்கும். மகள் அங்கே படிக்கிறாள் என்பதற்கான சான்றும், வருட வாரியான கட்டண விவரமும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த சுற்று மேம்பாட்டுக்கு விருப்பம் தெரிவிக்கும் இடத்தில் "ஆம்" போட மறக்காதீர்கள். அரசுக் கல்லூரிகளை மட்டும் வரிசையாகப் போடுங்கள். 2022-ல் தொடங்கிய விருதுநகர், நாமக்கல், அரியலூர், ராமநாதபுரம் போன்ற புதிய கல்லூரிகளை "தூரம்" என்று விட்டுவிடாமல் அவற்றையும் சேர்த்துப் போடுங்கள். எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு இடம் பெரும்பாலும் அங்கேதான் திறக்கும்.